விமானத்தில் பறந்து போய், கூடாரத்தில் படுப்பதா?

பெட்டிக்குள் கூடாரம். பெட்டியோடு விமானப் பயணம். விமானம் இறங்குகிற ஊரில், உலகம் முழுவதும் பெயர் பெற்ற வேடிக்கை நகரம். அந்த வேடிக்கை நகரத்தின் ஓரத்தில், மரத்தடியில் கூடாரம் அடித்து, குளிர்காலத்தில் படுத்துத் தூங்குவது!

இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். "விமானத்துக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. ஓட்டலுக்குக் கொடுக்க மட்டும் பணம் இல்லையா?" என்று கேட்பார்கள்.

நானும் அப்படித்தான் கேட்டேன். என் மகனிடம் கேட்டேன். அது 2017-ம் ஆண்டு டிசம்பர் மாதம். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் அவர்களோடு நான் சண்டைக்குப் போகிறேன். ஏன் என்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

மூன்று வருட வாக்கு

என் மகன் அமெரிக்காவில், மினியாபொலிஸ் என்ற ஊரில் இருக்கிறான். அது வடக்கே இருக்கும் ஊர். ஜனவரி மாதத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, 15 டிகிரி என்று போய்விடும். ஏரித் தண்ணீர் கல்லாக உறைந்துவிடும். அதன்மேல் கார் ஓட்டுகிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் என் மனைவியும் நானும் மகன் வீட்டில் இருந்தோம்.

பேத்திக்கு அப்போது வயது 9. பேரனுக்கு 6. "உங்களை டிஸ்னி நகரத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று மகன் வாக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் வீடு வாங்கினான். பணம் அதில் போயிற்று. இரண்டாம் வருடம் அந்த வீட்டுக் கூரை ஒழுகியது. பணம் அதில் போயிற்று. மூன்றாம் வருடம் மருமகளுக்கு வேலை போய்விட்டது.

ஒரு நாள் இரவு, குழந்தைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"அக்கா! நாம் பெரியவர்கள் ஆன பிறகுதான் போவோமா?" என்று பேரன் கேட்டான்.

"அப்பாவிடம் அதைக் கேட்காதே. அப்பா முகம் வாடிப்போகும்" என்றாள் பேத்தி.

ஒன்பது வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது? எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். ஓட்டலில் தங்கினால் எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, நுழைவுச் சீட்டு எவ்வளவு என்று எழுதிக் கூட்டினான். கூட்டிய தொகைக்கு ஒரே வழி, கடன் அட்டை. அமெரிக்காவில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு எதையும் வாங்கலாம். வட்டி மட்டும் தூங்காமல் ஏறிக்கொண்டிருக்கும். ஐந்து நாள் சிரித்துவிட்டு இரண்டு வருடம் வட்டி கட்டுகிற குடும்பங்கள் அங்கே ஏராளம்.

"கடன் வேண்டாம்" என்றேன்.

"அப்படியானால் ஒரு வழிதான் இருக்கிறது, அப்பா. அந்த நகரத்துக்குள்ளேயே கூடாரம் அடிக்க இடம் விடுகிறார்கள். நம்மிடம் கூடாரம் இருக்கிறது. உங்களால் தரையில் படுக்க முடியுமா?" என்று கேட்டான்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். விமானத்துக்குப் பணம் இருக்கிறது, ஓட்டலுக்கு இல்லையா?

அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். காரில் போனால் ஒரு வழிக்கு 1,500 மைல். பனி பெய்கிற சாலை. போக மூன்று நாள், வர மூன்று நாள். அவனுக்குக் கிடைத்த லீவே ஆறு நாள்தான். முன்கூட்டியே வாங்கினால் விமான டிக்கெட் மலிவு. மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கலாம். ஓட்டலில் மிச்சம் பிடித்தால், விமானத்துக்குக் கட்டலாம்.

என் மனைவி மட்டும், "கல்யாணமாகி நாற்பது வருடம் கழித்து எனக்கு வனவாசமா?" என்று கேட்டாள். பிறகு அவள்தான் முதலில் போர்வைகளை மடித்து வைத்தாள்.

வால்ட் டிஸ்னி வாங்கிய சதுப்பு நிலம்

நாங்கள் போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மாகாணம் புளோரிடா. அதன் நடுவில் ஆர்லண்டோ என்ற ஊர். அதன் பக்கத்தில் சதுப்பு நிலமும், பைன் மரக் காடும், ஆரஞ்சுத் தோட்டங்களுமாக இருந்தது. அங்கேதான் வால்ட் டிஸ்னி 27 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார். தன் பெயரைச் சொன்னால் விலை ஏறிவிடும் என்று, வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் இரகசியமாக வாங்கினார். 1965-ல்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

மிக்கி என்ற எலிப் படத்தால் உலகப் புகழ் பெற்றவர் இவர். சின்ன வயதில் கான்சாஸ் நகரத்தில் விடியற்காலையில் எழுந்து, பனியில் நடந்து, வீடு வீடாகப் பத்திரிகை போட்ட பையன்! அந்தக் கஷ்டத்தைப் பெரியவரான பிறகும் அவர் மறக்கவில்லை என்று சொல்லுவார்கள். 1966 டிசம்பரில் அவர் இறந்துபோனார். 1971 அக்டோபர் 1-ந் தேதி புளோரிடா நகரம் திறக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

அதே வருடம் நவம்பர் 19-ந் தேதி, அந்த நிலத்திலேயே கூடார முகாமும் திறக்கப்பட்டது. அதற்குப் பெயர் "போர்ட் வில்டர்னெஸ்". காட்டுக் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் கோட்டை. மதில் கிடையாது. சுமார் 750 ஏக்கர் காடு. அதற்குள் வளைந்து வளைந்து போகும் பாதைகள். பாதை ஓரத்தில் ஏறத்தாழ 800 முகாம் இடங்கள். பெரும்பாலானவற்றில் வீடு போன்ற பெரிய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கூடாரக்காரர்களும் உண்டு. ஒரு இடத்தில் பத்துப் பேர் வரை தங்கலாம்.

ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. கரி போட்டுச் சமைக்க இரும்பு அடுப்பு இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட மேஜை இருக்கிறது. நடந்து போகிற தூரத்தில் குளியல் அறை. அங்கே இரவும் பகலும் வெந்நீர். துணி வெளுக்க யந்திரம். பக்கத்திலேயே 1994-ல் திறந்த ஒரு பெரிய ஓட்டல் இருக்கிறது. மரத்தால் கட்டிய அரண்மனை மாதிரி இருக்கும். அங்கே ஒரு அறைக்கு ஓர் இரவுக்குப் பல நூறு டாலர் ஆகும். நாங்கள் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்கள் பார்க்கிற ஏரியும், நாங்கள் பார்த்த ஏரியும் ஒன்றுதான்.

நூறு வருடத்துக் கேலி

குளிர்காலத்தில் புளோரிடாவில் கூடாரம் அடிப்பது என் மகன் கண்டுபிடித்தது அல்ல. டிஸ்னி கண்டுபிடித்ததும் அல்ல. அது நூறு வருடத்துப் பழக்கம்.

ஹென்றி போர்டு மலிவான கார் செய்து விற்றார் அல்லவா? அந்தக் கார் வந்ததும், வடக்கே இருந்த சாதாரண ஜனங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. விவசாயிகள், கொல்லர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் காருக்குப் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, குளிருக்குத் தப்பித் தெற்கே வந்தார்கள். அதற்கு முன் புளோரிடாவில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் பெரிய பணக்காரர்கள்.

1919-ல் டாம்பா நகரத்துத் தோட்டம் ஒன்றில் இந்தக் கூடாரக்காரர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அதன் பெயர் "தகர டப்பாப் பிரயாணிகள்". தகர டப்பாவில் அடைத்த சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிட்டார்கள். அதனால் அந்தப் பெயர் என்கிறார்கள். அவர்கள் ஓட்டிய காரையே தகர வண்டி என்று கேலி செய்தார்கள். அதனால்தான் என்றும் சொல்லுகிறார்கள். கேலியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு தகர டப்பாவைக் காரின் முன்பக்க மூடியில் பற்றவைத்துக்கொண்டார்கள். அதுதான் சங்கத்தின் அடையாளம்!

ஊர்க்காரர்கள் இவர்களைப் பற்றி ஒரு நையாண்டி சொன்னார்கள். "இவர்கள் ஒரு சட்டையோடும், ஒரு இருபது டாலர் நோட்டோடும் வருகிறார்கள். இரண்டையும் மாற்றாமலே திரும்பிப் போகிறார்கள்!"

நல்ல நையாண்டிதான். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? எங்கள் ஊர்க் கடற்கரை, எங்கள் ஊர் வெயில், இதெல்லாம் செலவு செய்கிறவனுக்கு. செலவு செய்யாதவன் ஏன் வருகிறான் என்ற எரிச்சல்தானே? முதலில் பல ஊர்கள் கூடாரக்காரர்களுக்கு இலவசமாக இடம் விட்டன. பிறகு ஒவ்வொன்றாக அந்த இலவச முகாம்கள் போய், காசு கொடுத்தால்தான் இடம் என்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். பனியை வாரும்போது எங்கள் வாசலையும் சேர்த்து வாரிவிடுவார். நாங்கள் கூடாரத்தோடு விமானம் ஏறப் போகிறோம் என்று கேட்டதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுவும் அந்தப் பழைய சிரிப்புதான்.

ஆணி போன கதை

விமானத்தில் பெட்டி ஒன்று 23 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. போனால் தண்டம். எங்கள் கூடாரம் ஆறு பேர் படுக்கிற கூடாரம். அதுவே ஒரு பெட்டியில் பாதியைப் பிடித்துக்கொண்டது. மகன் குளியல் அறைத் தராசில் பெட்டியை நிறுத்துப் பார்த்தான். ஒரு கிலோ அதிகம். உடனே நான் புத்திசாலித்தனம் செய்தேன். கூடாரத்தை இழுத்துக் கட்டும் இரும்பு ஆணிகளை எடுத்து, என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் சோதனை செய்கிற அதிகாரி என் பையைத் திறந்தார். ஒரு சாண் நீளத்தில் பன்னிரண்டு இரும்பு ஆணிகள்! என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயதானவனாகப் போயிற்று, தப்பித்தேன். கூடார ஆணியைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. சரக்கில் போடும் பெட்டிக்குள்தான் வைக்கவேண்டும். பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. ஆணிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சமையல் காஸ் டப்பாவைக் கைப்பையிலும் வைக்கக்கூடாது, பெட்டியிலும் வைக்கக்கூடாது. காஸ் அடுப்பைக் கொண்டுபோகலாம். ஆனால் அதில் எரிபொருள் துளிகூட இருக்கக்கூடாது. வாசனைகூட வரக்கூடாது. சரக்குப் பெட்டியில் தீப்பெட்டி வைக்கக்கூடாது. நாங்கள் அடுப்பே கொண்டுபோகவில்லை. கரியும், தீப்பெட்டியும், புது ஆணிகளும் போன இடத்தில் வாங்கிக்கொண்டோம். முகாமுக்குள் இரண்டு கடைகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் கடுமைதான்.

விமான நிலையத்திலிருந்து முகாம் வரை இலவச பஸ்ஸில் போனோம். ஓட்டல்காரருக்கும் அதே பஸ், கூடாரக்காரருக்கும் அதே பஸ். 2005-ல் ஆரம்பித்த அந்த இலவச பஸ்ஸை, 2022 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது போகிறவர்கள் காசு கொடுத்து வண்டி பிடிக்கவேண்டும். அல்லது கார் வாடகைக்கு எடுக்கவேண்டும். கணக்குப் போடும்போது இதை மறந்துவிடக்கூடாது.

முதல் இரவு

புளோரிடாவில் ஜனவரி மாதம் என்றால் பகலில் 22 டிகிரி இருக்கும். இரவில் 10 டிகிரி. அதை நம்பித்தான் போனோம். ஆனால் வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கினால் எல்லாம் தலைகீழ். அந்த மாகாணத்தின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் மைல் கணக்கில் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தன. 1983, 1985, 1989 ஆகிய வருடங்களில் விழுந்த உறைபனியில் மரங்கள் பட்டுப்போய், பலர் ஆரஞ்சு விவசாயத்தையே விட்டுவிட்டார்கள்.

நாங்கள் இறங்கியது 2018 ஜனவரி 3-ந் தேதி. அன்றைக்குத்தான் புளோரிடாவின் தலைநகரமான டல்லஹாசியில் பனி விழுந்தது! 1989-க்குப் பிறகு அங்கே அளக்கும்படியாகப் பனி விழுந்தது அன்றுதான். நாங்கள் இருந்த இடத்தில் பனி விழவில்லை. ஆனால் இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"மினியாபொலிஸ்காரர்களுக்கு இது ஒரு குளிரா?" என்று மகன் வீராப்புப் பேசினான். மினியாபொலிஸில் குளிர் வெளியேதான். வீட்டுக்குள் கோடைகாலம். கூடாரத்துக்கு ஏது சுவர்?

காற்று அடைத்த மெத்தையில் படுத்து, மேலே மூன்று கம்பளி போர்த்திக்கொண்டேன். நடு இரவில் முதுகு ஜில்லிட்டு எழுந்தேன். மேலே மூன்று கம்பளி. கீழே ஒன்றும் இல்லை. மெத்தைக்குள் இருக்கும் காற்றும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த தரை அதன் வழியாக உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் மனைவி எழுந்தாள். ஒன்றும் பேசவில்லை. இரண்டு கம்பளியை உருவி, மெத்தைமேல் விரித்தாள். மேலே ஒன்று மட்டும் போர்த்தினாள். கதகதப்பு வந்துவிட்டது. இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை சொல்லவில்லை.

குளிருக்குப் பயந்து கூடாரத்தின் ஜன்னல்களை எல்லாம் இறுக்கி மூடியிருந்தோம். அதுவும் தப்பு. ஆறு பேர் விட்ட மூச்சு, கூரையில் பட்டுத் தண்ணீராகி, விடியற்காலையில் முகத்தில் சொட்டியது. மறுநாள் மேலே கொஞ்சம் திறந்து வைத்தோம். சொட்டவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குளிர்கிறது என்று கூடாரத்துக்குள் கரி அடுப்பையோ, காஸ் அடுப்பையோ யாரும் கொண்டுபோகக்கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். வெந்நீர்க் குளியல் அறை பக்கத்திலேயே இருக்கிறது. குளிர் தாங்காவிட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள்.

டிக்கெட் இல்லாத வேடிக்கை

வேடிக்கை நகரம் 1971-ல் திறந்தபோது நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். ஆட்டங்களுக்குத் தனிச் சீட்டு. இப்போது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலருக்கு மேல். கூட்டம் அதிகமான நாட்களில் இன்னும் அதிகம். அதனால் மகன் இரண்டு நாளுக்குத்தான் டிக்கெட் வாங்கினான். அதுவும் அவர்கள் நால்வருக்கு மட்டும். ஏரியில் படகு ஏறி, குழந்தைகள் அந்த வெள்ளைக் கோட்டைக்குப் போனார்கள். பேரன் வாயைத் திறந்தவன் மூடவில்லை என்று மருமகள் சொன்னாள். அந்தக் கோட்டையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்லுகிறேன்.

மாலையில் முகாமில் தீ மூட்டினார்கள். அணில் வேடம் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். குழந்தைகள் பாடினார்கள். மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற வெள்ளை மிட்டாயைக் குச்சியில் குத்தி, தீயில் வாட்டித் தின்றார்கள். பிறகு திறந்தவெளியில் சினிமா. நம் ஊர் டூரிங் சினிமாவில் மணலைக் கூட்டி உட்கார்ந்தது என் மனைவிக்கு நினைவு வந்துவிட்டது. இதற்கெல்லாம் காசு கிடையாது. கோட்டையில் வண்டி இழுக்கும் குதிரைகளின் லாயம் முகாமுக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்க்கவும் காசு கிடையாது.

இரவு ஏரிக்கரைக்குப் போனோம். தூரத்தில் வாணவேடிக்கை. பிறகு தண்ணீர்மேல் ஊர்வலமாக 14 மிதவைகள் வந்தன. மிதவை முழுதும் விளக்கு. கடல் பாம்பு, திமிங்கிலம், ஆமை என்று விளக்காலேயே உருவங்கள். நகரம் திறந்த 1971 அக்டோபரிலிருந்து நடக்கிற ஊர்வலமாம். பேத்தி என் போர்வைக்குள் புகுந்துகொண்டு பார்த்தாள்.

ஏரிக்கரையில் இருட்டில் குழந்தைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள். 2016-ல் இதே நீரோடு சேர்ந்த இன்னொரு ஏரிக்கரையில், இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்று கொன்றுவிட்டது. அதற்குப் பிறகு வேலி போட்டார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். பலகை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை எடுத்துவிடக்கூடாது.

மரங்களில் சாம்பல் நிறத் தாடி தொங்குகிறது. அதை ஸ்பெயின் பாசி என்கிறார்கள். ஆனால் அது பாசி அல்ல. அன்னாசிப் பழத்துக்கு உறவுச் செடி. விடியற்காலையில் மான் வந்தது. முதுகில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்ற பிராணி வந்தது. நம் எறும்புத்தின்னியின் சாயல். எங்கள் கூடாரத்தின் ஓரத்தில் மூக்கால் மண்ணைக் கிளறியது. பேரன் மூச்சு விடாமல் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அரை நிமிடம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

அது காடா?

"அது காடே அல்ல. மின்சாரமும் வெந்நீரும் உள்ள இடம் காடா? காசு கொடுத்து வாங்குகிற பொய்க் காடு" என்று சிலர் சொல்லுகிறார்கள். உண்மைதான். யார் இல்லை என்றது? நிஜக் காடு வேண்டும் என்றால், ஆர்லண்டோவுக்குப் பக்கத்திலேயே வெக்கிவா ஊற்று என்ற அரசாங்கப் பூங்கா இருக்கிறது. கோடையோ குளிரோ, ஊற்றுத் தண்ணீர் எப்போதும் 22 டிகிரி. கூடார வாடகையும் டிஸ்னி முகாமைவிட மிகவும் மலிவு. கார் வைத்திருக்கிறவர்கள் அங்கே தங்கிக்கொண்டு, ஒரு நாள் மட்டும் டிஸ்னி நகரத்துக்குப் போய்வரலாம். அது இன்னும் நல்ல கணக்கு.

ஆனால் ஆறு வயதுப் பையனிடம் போய், "நிஜக் காட்டைப் பார், கோட்டை வேண்டாம்" என்று சொல்ல என்னால் முடியாது. அவன் கேட்டது கோட்டையை. கோட்டைக்குப் போக அவனுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி கடனாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் என் வாதம்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. அந்த முகாமில் இருந்த பழைய மர வீடுகளை எடுத்துவிட்டு, 2024-ல் புதிய வீடுகள் வைத்துவிட்டார்கள். முன்பணமாகப் பெருந்தொகை கட்டி, வருடா வருடம் தங்க உரிமை வாங்குகிற திட்டத்தில் அவை சேர்ந்துவிட்டன. அந்த நிலத்துக்கு இன்றைக்கு இருக்கிற மதிப்புக்கு, கம்பெனியின் கணக்குப்பிள்ளை ஒருநாள் கூடாரங்களைப் பார்ப்பார். "இவ்வளவு நல்ல இடத்தில் துணியைக் கட்டிக்கொண்டு படுக்க விடுவதா? இங்கே ஓட்டல் கட்டினால் என்ன?" என்று கேட்பார். பழைய இலவச முகாம்கள் போனது போல இதுவும் போய்விடலாம். போகக்கூடாது. பனியில் பத்திரிகை போட்ட பையன் வாங்கிய நிலம் அது. தரையில் படுக்கத் தயாராக இருக்கிற குடும்பத்துக்கு அதில் கொஞ்சம் தரையை விட்டுவைத்தால், கம்பெனி ஏழையாகிவிடாது.

நாங்கள் ஜனவரி 7-ந் தேதி ஊர் திரும்பினோம். கடைசி இரண்டு இரவும் குளிர் குறைந்துவிட்டது. எனக்கு இடுப்பு வலி வந்தது. அது பத்து நாள் இருந்தது. கடன் ஒரு டாலர்கூட இல்லை.

அடுத்த டிசம்பரில் மகன் டெலிபோன் செய்தான். நாங்கள் அப்போது ஊருக்கு வந்துவிட்டோம். "அப்பா! பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புளோரிடா போகிறாராம். நம் கூடாரத்தை இரவல் கேட்கிறார்" என்றான்.

"கொடு. ஆணியைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லு" என்றேன்.